சர்வேயர் வண்டியில் எரிந்த விளக்கு

அவளை இப்போது அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் விளக்கக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பைக் மீட்டரில் ஏதாவது ஒரு விளக்கு காரணமில்லாமல் எரிந்தால், "விளக்கக்காகிட்ட ஒரு தடவை காட்டிடு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பேர் வாங்கிவிட்டாள். எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று அவளைக் கேட்டால் சிரித்து மழுப்புவாள். பக்கத்துக் கடையில் துணி தைக்கிற அவள் நாத்தனாரைக் கேட்டால் பட்டென்று போட்டு உடைத்துவிடுவாள்: "எல்லாம் வயித்தெரிச்சல்ல கத்துக்கிட்டது."

நாத்தனார் சொல்வதில் பொய் இல்லை.

விளக்கக்காவின் கணவர் பைக் மெக்கானிக். மெயின் ரோட்டிலிருந்து இடது கைப் பக்கம் ஒடிந்து திரும்பும் ஒரு சின்னத் தெருவில், திரும்பியதுமே அவர்கள் கடை. முன்பக்கம் கண்ணாடி மேசை போட்டு பல்பு, பிரேக் ஒயர், நட்டு, போல்ட்டு விற்பது அவள் வேலை. பின்பக்கம் இடுப்பளவுச் சுவருக்கு அப்பால் அவருடைய ராஜ்ஜியம். அங்கே தரையெல்லாம் கறுப்பு, சுவரில் ஸ்பானர்கள், நடுவில் எப்போதும் வயிறு பிளந்து கிடக்கும் ஒரு வண்டி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த மேசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடுப்பளவுச் சுவரைத் தாண்டி அவளை யாரும் கூப்பிட்டதில்லை, அவளும் போனதில்லை.

மனிதர் நல்லவர். கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் பேச்சில் மகா கருமி. வீட்டில் அவர் வாயிலிருந்து வருவதை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். "ம்." "சரி." "பாக்கலாம்." உடம்பு சரியில்லை என்றால் "மாத்திரை போடு." புதுத் துணி உடுத்திக்கொண்டு வந்து நின்றால் மறுபடியும் "ம்." அவளுக்கோ பேச்சுதான் சாப்பாடு. பேச ஆள் கிடைக்காத நாட்களில் கடைக்கு வருகிறவர்களிடம் அவர்கள் பாட்டன் பூட்டன் கதை வரைக்கும் கேட்டுவிடுவாள்.

பொறாமையும் அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான புதிதில் அவர் தன் தங்கையோடு சிரித்துப் பேசினால்கூட இவளுக்கு முகம் சுண்டிப்போகும். அவர் ஒரு பழைய என்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு, துணியால் துடைத்துத் துடைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறபோது, 'என் மூஞ்சிய இப்படி ஒரு நாளாவது பார்த்திருப்பாரா' என்று தோன்றும். தோன்றியதை நாத்தனாரிடம் சொல்லிவிடுவாள். இருவரும் சிரித்துவிடுவார்கள். அதோடு அது போய்விடும்.

சர்வேயர் வந்த பிறகுதான் அது போகாமல் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

நிலம் அளக்கும் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த பெண் அவள். மழை விட்ட ஒரு காலையில், முட்டி வரைக்கும் சேறும், முதுகில் கட்டிய, அளவுக் கருவியை நிறுத்தும் முக்காலியும், வெயிலில் வெளுத்த தொப்பியுமாக வந்து நின்றாள். ஏறி வந்ததோ அந்தக் காலத்து வண்டி. அகலமான டேங்க், உருண்டையாக இரண்டு மீட்டர், நடுவில் வரிசையாகக் குட்டிக் குட்டி விளக்குகள். அந்த வண்டியின் சத்தம் தெருவில் கேட்டதுமே பின்கட்டிலிருந்து மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். 'நான் கூப்பிட்டா மூணாவது தடவைக்குத்தான் திரும்புவார்' என்று விளக்கக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இந்த வண்டி உங்களுக்கு எங்க கெடச்சுது?"

"எங்க மாமாவோடது சார். அவரால இப்ப ஓட்ட முடியல. நான் எடுத்துக்கிட்டேன்."

சார்! அந்தக் கடையில் அவரை அண்ணே என்பார்கள், மெக்கானிக் என்பார்கள், அவசரக்காரர்கள் "ஏம்ப்பா" என்பார்கள். யாரும் சார் என்றதில்லை. அவர் முதுகு ஒரு விரற்கடை நிமிர்ந்ததை விளக்கக்கா கண்ணால் பார்த்தாள்.

"இந்த மஞ்சள் லைட் அணையவே மாட்டேங்குது சார்."

அவ்வளவுதான் சர்வேயர் சொன்னது. அதற்கு அவர் பேச ஆரம்பித்தார் பாருங்கள், மடை திறந்த மாதிரி. சீட்டைக் கழற்றினார். அடியிலிருந்து ஒரு சின்ன பிளக்கை இழுத்து எடுத்தார். அதன் இரண்டு ஓட்டைகளை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டார்.

"இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் மெஷின் மாட்டித்தான் பாக்கணும் மேடம். இது அப்படி இல்ல. தனக்கு என்ன நோவுன்னு இதுவே கண் சிமிட்டிச் சொல்லும். நீளமா சிமிட்டினா பத்து, குட்டியா சிமிட்டினா ஒண்ணு. ரெண்டையும் கூட்டினா ஒரு நம்பர் வரும். அந்த நம்பருக்கு என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும். நல்லாப் பாருங்க, சேர்ந்தே எண்ணுவோம்."

இரண்டு தலைகளும் மீட்டரின் மேல் கவிந்தன. இருவரும் வாய்விட்டுச் சேர்ந்து எண்ணினார்கள். மேசைக்குப் பின்னால் விளக்கக்காவின் காதிலிருந்து புகை வராத குறை. பிரேக் ஒயர் கேட்டு வந்த ஒருவருக்குக் கிளட்ச் ஒயரை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். அவர் திரும்பி வந்து சத்தம் போட்டதும், "ஒழுங்காக் கேக்கறதில்லையா?" என்று அவர் மேலேயே பாய்ந்தாள்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த நாத்தனார், "அண்ணி, அங்க என்ன, ஸ்கூலா நடக்குது?" என்றாள்.

"உங்கண்ணன் வண்டிய எப்படி கண் சிமிட்ட வைக்கிறதுன்னு சொல்லித் தர்றார். போய்ப் பாரு."

மழைத் தண்ணீர் ஏதோ ஒரு சென்சாரின் இணைப்பில் இறங்கியிருந்தது. துடைத்துக் காய வைத்து மாட்டியதும் மஞ்சள் விளக்கு அணைந்தது. போய்விட்டாள், நல்லது என்று விளக்கக்கா பெருமூச்சு விட்டாள். பத்து நாள் ஆகவில்லை, சர்வேயர் மறுபடியும் வந்துவிட்டாள். இந்தத் தடவை மஞ்சள் இல்லை. பக்கத்தில் இருந்த சிவப்பு. எண்ணெய்க் குவளை படம் போட்ட ஆயில் விளக்கு.

"எப்பவும் எரியறதில்ல சார். திடீர்னு எரியும், திடீர்னு போயிடும்."

அவர் முகம் மாறியது. "மஞ்சள் எரிஞ்சா வீட்டுக்குப் போயிப் பொறுமையாப் பாக்கலாம் மேடம். இது எரிஞ்சா அந்த இடத்துலயே நிறுத்திடணும். ஆயில் ஏறாம என்ஜின் ஓடினா உள்ள இறுகிப் போயிடும். ஓடிக்கிட்டிருக்கும்போதே இறுகினா பின் சக்கரம் பூட்டிக்கும். ஆளைத் தூக்கி அடிச்சிடும்." பிறகு என்ஜின் பக்கவாட்டில் இருந்த சின்ன வட்டக் கண்ணாடியைக் காட்டி, வண்டியை நேராக நிறுத்தி அதில் ஆயில் மட்டம் பார்ப்பது எப்படி, சாவி போட்டதும் அந்த விளக்கு எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைவது ஏன், அடியில் இருக்கிற ஆயில் சுவிட்ச் தன் ஒயரை வண்டியின் இரும்போடு சேர்த்தால்தான் விளக்கு எரிகிறது என்பதெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். சர்வேயர் தலையாட்டிக்கொண்டே நின்றாள். விளக்கக்கா மேசையைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

அவர் ஆயிலை மாற்றினார். நாலு நாளில் விளக்கு எரிந்தது. ஆயில் சுவிட்சை மாற்றினார். மறு வாரமும் எரிந்தது. என்ஜினில் அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை மாட்டி ஆயில் பிரஷர் பார்த்தார். குறை சொல்ல முடியாதபடி இருந்தது. ஸ்டாண்டில் நிறுத்தி எத்தனை நேரம் ஓட்டினாலும் விளக்கு எரிவதில்லை. மெயின் ரோட்டில் தூரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தாலும் எரிவதில்லை. சர்வேயர் எடுத்துக்கொண்டு போனால் எரிகிறது.

"அவங்களுக்கு மட்டும் எரியுதாம்" என்றாள் விளக்கக்கா.

"அண்ணனுக்கு அது அணையணும்னு ஆசையே இல்ல போல" என்றாள் நாத்தனார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்ட மாதிரி ஆகிவிட்டது.

அதற்கப்புறம் விளக்கக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். சர்வேயரின் வண்டிச் சத்தம் மெயின் ரோட்டில் கேட்கும்போதே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவாள். அவள் போட்டிருக்கும் பூட்ஸ், புதிதாக வாங்கிய கைக்கடிகாரம், ஹேண்டில் பாரில் புதிதாக மாட்டியிருக்கும் போன் ஹோல்டர், இறங்கியதும் முடியை ஒதுக்குகிற விதம், எதுவும் தப்பாது. தெருவுக்குள் வண்டி ஒடித்துத் திரும்பும்போது அந்தச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிவதையும், நேராகிக் கடை முன்னால் வந்து நிற்பதற்குள் போய்விடுவதையும்கூடப் பார்த்தாள். 'வாசல் வந்ததும் சிரிப்பு வந்துடும், விளக்கு போயிடும்' என்று வயிறு எரிந்தாளே தவிர, அதை வேறு விதமாக யோசிக்கத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும்விட அவளைச் சுட்டது, சர்வேயர் அவளை "அக்கா" என்றதுதான். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யார் அக்கா என்று பந்தயம் கட்டலாம். "அவர் சாராம், நான் அக்காவாம்" என்று நாத்தனாரிடம் பொருமினாள். வீட்டிலோ, அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பம்ப்பா இருக்குமோ... பம்ப்பா இருந்தா பிரஷர் காட்டாதே" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். அன்றைக்கு அவள் வேண்டுமென்றே உப்பு போடாமல் வைத்த சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

ஒரு நாள் காலை அவர் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார். அந்த நேரம் பார்த்துச் சர்வேயர் வந்தாள். வண்டியை அணைக்காமல், தரையில் காலை ஊன்றிக்கொண்டே கேட்டாள்.

"சார் இல்லையா அக்கா?"

"இல்ல. ரெண்டு நாள் வர மாட்டார்."

"ஐயோ. லைட் வர வர அடிக்கடி எரியுது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் அளக்கணும், போயே ஆகணும். போலாமா?"

விளக்கக்காவுக்கு அப்போது என்ன தோன்றியது என்று அவளாலேயே பிற்பாடு சொல்ல முடியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அது அப்படித்தான் எரியும். ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க. இதுக்காகவெல்லாம் ஒவ்வொரு தடவையும் வர வேண்டியதில்ல."

சர்வேயர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு, "சரிக்கா, நீங்க சொன்னா சரி" என்று கிளம்பிப் போனாள்.

கொஞ்ச நேரம் விளக்கக்காவுக்கு உச்சி குளிர்ந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் வாசலைப் பெருக்கப் போனவள், வண்டி நின்ற இடத்தில் கருப்பாக ஈரம் கிடப்பதைப் பார்த்தாள். குனிந்து விரலால் தொட்டாள். ஆயில்.

அது காலையில் வந்துபோன வேறொரு வண்டி ஒழுகவிட்டது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஆயில் ஏறாமல் ஓடினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆளைத் தூக்கி அடிக்கும் என்பதுதான். போன் பண்ணலாம் என்றால் சர்வேயரின் நம்பர் அவர் போனில் இருக்கிறதே ஒழிய அவளிடம் இல்லை. அவருக்குப் போன் பண்ணி நம்பர் கேட்கலாம். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

"ஏம்மா, கடையக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று நாத்தனாரிடம் கத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

"எங்க அண்ணி, இந்த வேகத்துல?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. வழி முழுக்க ஒவ்வொரு வளைவிலும் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்துக்கொண்டு போனாள். எங்கேயாவது கூட்டம் கூடியிருக்கிறதா, வண்டி சாய்ந்து கிடக்கிறதா என்று. சர்வேயர் வரவே கூடாது என்று இத்தனை நாள் நினைத்தவள், அவள் நல்லபடியாக வந்து நின்றால் போதும் என்று வேண்டிக்கொண்டே போனாள்.

பாலம் தாண்டியதும் வண்டி தெரிந்தது. ரோட்டோரம் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு கல்லின் மேல் சர்வேயர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. விளக்கக்காவுக்கு நிம்மதியில் அழுகை வந்துவிட்டது. போயும் போயும் இவள் முன்னால் அழுகிறோமே என்று எரிச்சலும் வந்தது.

"என்னக்கா, இங்க எங்க?"

"அந்த லைட் எரிஞ்சா ஓட்டக் கூடாது. நிறுத்திடணும். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"நிறுத்திட்டேன். சார் முதல்லயே சொல்லியிருந்தாரே. நீங்க சொன்னதக் கேட்டுக் கிளம்பினேன், மனசு கேக்கல." சர்வேயர் தண்ணீர் பாட்டிலை மூடினாள். "தெரியாமத் தப்பாச் சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களா?"

நிலத்தை அளக்கிறவள் கேள்வியையும் நூல் பிடித்த மாதிரி கேட்டாள். விளக்கக்காவால் மழுப்ப முடியவில்லை.

"தெரிஞ்சேதான்."

"ஏன்?"

"நீங்க கடைக்கு வரக் கூடாதுன்னு."

சர்வேயரின் முகம் சிவந்தது. "அதுக்காக நான் விழுந்து சாகணுமா?"

"அதான் ஓடி வந்தேனே!"

"வந்தீங்க. வராம இருந்திருந்தா?" சர்வேயர் எழுந்து நின்றாள். "நான் என்ன ஆசைப்பட்டா அங்க வர்றேன்? உங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கிறார். அந்த ஒயர் இப்படிப் போகுது, இந்த ஒயர் அப்படி வருதுன்னு. எனக்கு வண்டி ஓடினாப் போதும்கா. தலையாட்டித் தலையாட்டிக் கழுத்தே வலிக்குது. கேக்காமப் போனா அரைகுறையா விட்டுடுவாரோன்னு பயத்துல நின்னு கேக்கறேன்."

இதைக் கேட்டதும் விளக்கக்காவுக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சுருக்கென்று ஏதோ தைத்தது. இத்தனை வருஷம் தனக்குக் கிடைக்காத பேச்சு. வீட்டில் 'ம்' என்று முடித்துக்கொள்கிற மனிதர், வாரிவாரி இறைத்த பேச்சு. அது இவளுக்குக் கழுத்து வலியாம்! கிடைத்தவளுக்கு அருமை தெரியவில்லையே என்று அவர் சார்பிலும் சேர்த்துக் கோபம் வந்தது.

"அவர் சொன்னதுல ஒண்ணுகூட உங்க மண்டையில ஏறலையா?" என்று கேட்டாள்.

"நிறுத்தணும்னு ஏறுச்சு. அது போதாதா?"

"தள்ளுங்க."

வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி நேராகப் பிடிக்கச் சொன்னாள். மண்டியிட்டு அந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்தாள். ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அடியில் ஒழுகல் இல்லை. சாவியைப் போட்டாள், சிவப்பு எரிந்தது. ஸ்டார்ட் பண்ணினாள், அணைந்தது. என்ஜின் சத்தத்தில் பிசிறு இல்லை. அவர் பார்த்த மாதிரியேதான் எல்லாம் இருந்தது. அவர் பார்த்தபோது எரியாதது போலவே இப்போதும் எரியவில்லை.

அப்போதுதான் அவளுக்குத் தெருமுனை நினைவுக்கு வந்தது. இவள் எப்போது வந்தாலும் திரும்பும்போது எரியும், நேரானதும் போய்விடும். அவர் ஸ்டாண்டில் போட்டுப் பார்த்தார், நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்; திரும்பும்போது அவர் கண் ரோட்டில் இருந்திருக்கும், மீட்டரில் இருந்திருக்காது. தெருவுக்குள் இவள் திரும்பி வருவதை வாசலில் நின்று பார்த்தவள் தான் ஒருத்திதான்.

"இங்க வர்றப்ப எந்த இடத்துல எரிஞ்சுது?"

"பாலத்துல ஏற ஒரு வளைவு வருமே, அங்க."

"இடது பக்கமா வலது பக்கமா?"

"இடது."

விளக்கக்கா ஹேண்டில் பாரை மெதுவாக இடது பக்கம் திருப்பினாள். கடைசி வரைக்கும் போனதும் சிவப்பு பளிச்சென்று எரிந்தது. நேராக்கினாள்; போய்விட்டது. மறுபடியும் திருப்பினாள், எரிந்தது. சர்வேயர் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஆயிலும் இல்ல, பம்ப்பும் இல்ல" என்றாள் விளக்கக்கா. தன் குரலில் அவருடைய தொனி வருவதை அவளே கவனித்தாள். "ஆயில் சுவிட்ச் ஒயரை இரும்போட சேர்த்தா லைட் எரியும். சுவிட்ச் சேர்க்காமலே எங்கேயோ ஒயர் தானாப் போய் இரும்புல படுது. திரும்பும்போது மட்டும் படுது."

ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். ஹேண்டில் பார் திரும்புகிற கழுத்துப் பகுதியில், ஒயர்க் கட்டு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. போன் ஹோல்டர் மாட்டியவன் தன் பிளாஸ்டிக் பட்டையோடு அந்தக் கட்டையும் சேர்த்து இறுக்கியிருந்தான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் உரசி உரசி ஒரு ஒயரின் தோல் கிழிந்து உள்ளே செம்பு மினுங்கியது. சர்வேயரின் பையிலிருந்த கத்தியால் பட்டையை அறுத்தாள். அளவுக் குச்சிகளில் சுற்ற வைத்திருந்த ஒட்டு டேப்பை வாங்கி, ஒயரைச் சுற்றி, கட்டைத் தளர்த்தி உள்ளே தள்ளினாள். இப்போது எவ்வளவு ஒடித்தாலும் விளக்கு எரியவில்லை.

சர்வேயர் தானும் இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்த்தாள். கோபம் முழுசாகப் போகவில்லை என்றாலும் ஆச்சரியம் அதை மறைத்துவிட்டது.

"உங்களுக்கு யாருக்கா இதெல்லாம் சொல்லித் தந்தது?"

"எனக்கு யாரும் சொல்லித் தரல. உங்களுக்குச் சொன்னத நான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

கடைக்குத் திரும்பியபோது மெக்கானிக் வந்திருந்தார். நாத்தனார் தன் வேலையைப் போட்டுவிட்டு மேசையில் முழங்கையை ஊன்றி, நடக்கப்போவதைப் பார்க்கத் தயாராக இருந்தாள்.

"எங்க போயிருந்தே?"

"சர்வேயர் வண்டி பாலத்துக்கிட்ட நின்னுடுச்சு. போய்ச் சரி பண்ணிட்டு வந்தேன்."

அவர் சிரித்தார். அவள் ஒயர் உரசிய கதையைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "யார் சொன்னா உனக்கு?" என்றார். "கழுத்துக்கிட்ட நான் பாக்கலன்னு நினைச்சியா?" என்றார். பார்க்கவில்லை என்பது அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. பின்கட்டுக்குப் போய் ஒரு ஸ்பானரை எடுத்து, திரும்ப அதே ஆணியில் மாட்டினார்.

விளக்கக்காவுக்கு இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. முதல் தடவையாக அந்த இடுப்பளவுச் சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் நின்றாள்.

"எத்தன வருஷமா இந்த மேசையில உக்காந்திருக்கேன்? மஞ்சள்னா என்ன, சிவப்புன்னா என்னன்னு எனக்கு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா? நேத்து வந்தவளை வச்சு எண்ணச் சொல்றீங்க, கண் சிமிட்டச் சொல்றீங்க..."

"நீ கேட்டதே இல்லையே."

"அவ கேட்டாளா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். யோசித்தார். சர்வேயர் வந்த ஒவ்வொரு நாளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்பது தெரிந்தது.

"இல்ல" என்றார் கடைசியில். "அவங்களும் கேக்கல."

விளக்கக்காவுக்கு நாக்கின் நுனியில் ஒன்று இருந்தது. 'உங்க பேச்சக் கேட்டு அவளுக்குக் கழுத்து வலிக்குதாம்.' அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து வீசியிருந்தால் மனிதர் அங்கேயே நொறுங்கியிருப்பார். ஜெயித்திருக்கலாம். கையில் கிரீஸோடு, ஒன்றும் புரியாமல் நிற்கிற அவரைப் பார்த்தாள். அதை அப்படியே விழுங்கிவிட்டாள். இன்று வரைக்கும் அவரிடம் சொன்னதில்லை. சர்வேயரைத் தெரிந்தே அனுப்பியதைக்கூட அன்று சாயந்திரமே சொல்லி, வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டாள். இதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்கள் அவர் முகம் தொங்கியே கிடந்தது. பிறகு ஒரு காலை, கடையில் யாரும் இல்லாதபோது, ஒரு பழைய வண்டியின் மீட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். "இது சார்ஜிங் லைட்" என்றார். ஆரம்பத்தில் வாத்தியார் மாதிரி மிரட்டிச் சொன்னார். இவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். "ஒண்ணு ஒண்ணா கேளு!" என்று எரிந்து விழுந்தார். இருந்தாலும் மறுநாளும் ஒரு மீட்டரோடு வந்தார். ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் மீட்டரை எப்படிப் பிடிப்பது என்று அவள் கையைப் பிடித்துக் காட்டியபோது, நாத்தனார் பக்கத்துக் கடையிலிருந்து வேண்டுமென்றே இருமினாள்.

சர்வேயர்தான் முதலில் வெளியே போய்ச் சொன்னது. அவள் ஆபீஸ்காரர்கள் பழைய வண்டிகளோடு வந்தார்கள். அப்புறம் அவர்களுக்குத் தெரிந்தவர்கள். விளக்கக்காவிடம் ஒரு பழக்கம் நின்றுபோகாமல் இருந்தது. எந்த வண்டி வந்தாலும் முதலில் கையை வைக்க மாட்டாள். ஓட்டி வருகிறவரைத்தான் பார்ப்பாள். எப்படித் திரும்புகிறார், எங்கே பை மாட்டியிருக்கிறார், புதிதாக எதை ஒட்டியிருக்கிறார் என்று. பொறாமை கற்றுக்கொடுத்த பார்வை அது. பாதிக் கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும்.

ஒரு நாள் வேன் டிரைவர் ஒருவர் வந்து, மெக்கானிக் எதிரிலேயே நிற்க, "அக்கா இல்லையா? சரி, நான் அப்புறமா வர்றேன்" என்று திரும்பிப் போய்விட்டார். விளக்கக்கா வந்ததும் நாத்தனார் ஓடி வந்து இதைச் சொன்னாள். பின்கட்டில் அவர் ஒரு நட்டைத் தேவையில்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். தான் பல மாதம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். சந்தோஷமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் ஒரு பிடி அதிகம்.

வருஷம் திரும்பியபோது சர்வேயருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு போக வந்தாள். தூர ஊருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே போகப்போவதாகச் சொன்னதுதான் தாமதம், மெக்கானிக் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்துவிட்டார். செயின் இப்படி இருக்கணும், பேட்டரி இப்படி இருக்கணும், எந்த விளக்கு எரிந்தால் எத்தனை தூரம் போகலாம். சர்வேயர் மெல்லத் தலையைத் திருப்பி விளக்கக்காவைப் பார்த்தாள். காப்பாற்றுங்கள் என்றது அந்தப் பார்வை.

"நல்லா கேட்டுக்கோங்க" என்றாள் விளக்கக்கா. "இவர் எல்லாருக்கும் சொல்ல மாட்டார்."

சர்வேயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் கேட்டாள். இடையில் இரண்டு சந்தேகம்கூடக் கேட்டாள். அவர் பூரித்துப் போய், நேரம் போவது தெரியாமல், சீட்டைக் கழற்றி அந்தப் பழைய பிளக்கைக் காட்டக் குனிந்தார். இரண்டு தலைகளும் மீட்டர் பக்கம் சாய்ந்தன.

விளக்கக்கா பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் முடியவில்லை.

"போதும் போதும்" என்று மேசையிலிருந்து குரல் கொடுத்தாள். "அவங்க ரொம்ப தூரம் போகணும், நேரத்தோட கிளம்பட்டும். நீங்க வந்து இந்த ஹாரனப் பாருங்க."

ஹாரனில் ஒன்றுமே கோளாறு இல்லை.